தொரசானிக்கு வயிறு சரியில்லாத நாள்

என் பிரியமுள்ள புஷ்பத்துக்கு,

இங்கே டிக்கோயாவில் விடிந்ததிலிருந்து மூடுபனி. எதிர் மலையைக் காணோம், கோயிலைக் காணோம், நம் லயத்து வரிசையின் கடைசி வீடுகூடத் தெரியவில்லை. இப்படிப்பட்ட நாளில் நீ தண்ணீர் பிடிக்கப் பீலிக்குத்தான் போயிருக்கிறாய், கொஞ்ச நேரத்தில் குடத்தோடு வந்துவிடுவாய் என்றே தோன்றுகிறது. நீ இருக்கும் இடத்திலும் பனி இறங்குமா?

உன் பூனைக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லாவிட்டால் மீதியைக் கேட்க மாட்டாய். உன் சுபாவம் எனக்குத் தெரியாதா?

துரை பங்களாவிலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி நடக்கிறாள் என்று நீதானே அவளுக்குத் தொரசானி என்று பெயர் வைத்தாய். நீ போன பிறகு அவள் வெளியே உலாத்துவதே குறைந்துவிட்டது. உன் நீலச் சுவெட்டரை நான் துவைக்காமல் கட்டிலின் தலைமாட்டில் போட்டு வைத்திருந்தேன். தேங்காயெண்ணெயும் விறகுப் புகையும் கலந்த உன் வாசம் அதில் அப்படியே இருந்தது. பகலில் அவள் அதன்மேல் சுருண்டுகொள்வாள். சாயங்காலம் நான் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். எங்கள் இருவருக்கும் அதில் சண்டை வந்ததே இல்லை.

போன வாரம் நம் மகள் கவிதா கொழும்பிலிருந்து வந்திருந்தாள். சவ்வரிசிப் பாயசம் வைத்தாள். அவள் பஸ் ஏறிய பிறகு, மிஞ்சிய பாயசத்தை எல்லாம் தொரசானியின் தட்டில் நான்தான் ஊற்றினேன். தட்டை நக்கி நக்கிக் குடித்தாள். மறுநாள் காலையில் வாந்தி. பிறகு வயிற்றால் போனது. அதுவும் எங்கே? உன் சுவெட்டரின் மேலேயே. எழுந்து போகக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

பக்கத்துக் காம்பரா செல்வி ஓடி வந்தாள். "அண்ணே, காய்ச்ச மாத்திர, அரப் பெனடோலக் கரச்சு ஊத்துவோமா? எங்க சின்னவளுக்கு அதுதான் கேக்கும்" என்றாள். நானும் கரண்டியை எடுத்துவிட்டேன். கரைப்பதற்கு முன்னால் கவிதாவிடம் ஒரு வார்த்தை கேட்போமே என்று போன் எடுத்தேன். அவள் போட்ட சத்தத்தில் செல்வியே திடுக்கிட்டாள்.

"அப்பா, ஒண்ணும் குடுத்துடாதீங்க! இருங்க, ஹட்டன் மிருக டாக்டரு நம்பரு தாரேன். அவருகிட்டக் கேளுங்க."

டாக்டர் சிங்களத்தில் பேசினார். வாந்தியில் இரத்தம் இருக்கிறதா, தண்ணீர் குடிக்கிறாளா என்று பொறுமையாக விசாரித்தார். பெனடோல் என்று நான் வாயெடுத்ததும் அவர் குரல் மாறிவிட்டது. பூனைக்கு அது விஷமாம்; கொஞ்சம் போனாலே உயிர் போய்விடுமாம். கரண்டியைக் கீழே வைத்தேன்.

பாலை அடியோடு நிறுத்தச் சொன்னார். தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவளாகவே குடிக்க விடச் சொன்னார். வாந்தி நின்ற பிறகு, உப்பும் வெங்காயமும் மசாலாவும் படாத அவித்த கோழி இறைச்சி, ஒரு வாய்க்குமேல் வேண்டாம். தண்ணீர் குடிக்காவிட்டாலோ, இரத்தம் கண்டாலோ, மறுநாளும் சோர்ந்தே கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

பிறகு சுவெட்டரைப் பார்த்தேன். "குடுங்கண்ணே, நான் அலசித் தாரேன்" என்று செல்வி கை நீட்டினாள்.

"வேணாம் தங்கச்சி, நானே பாத்துக்கிறேன்."

பீலியடியில் வெகுநேரம் அதை வைத்துக்கொண்டு நின்றேன், புஷ்பம். அன்றும் பனி; என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. தண்ணீர் பட்டால் நீ போய்விடுவாய் என்று தெரியும். ஆனாலும் அப்படியே விட முடியுமா? சவர்க்காரம் போட்டுத் துவைத்தேன். நுரை கான் வழியே வடிந்து போனது. பிழிந்து முகர்ந்து பார்த்தேன். சவர்க்கார மணம் மட்டும்தான். நான் அழுதது பனியில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மத்தியானம் அடுப்போரம் நான் உடுத்திக் கிழிந்த பழைய சாரத்தை மடித்துப் போட்டு அவளைக் கிடத்திவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவு வழியாகப் பனி உள்ளே வந்து புகையோடு கலந்தது. கண் அயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. அடுப்புக்கு அந்தப் பக்கம் நீ குந்தியிருந்தாய். தலை ஈரமாக இருந்தது. விறகைத் தள்ளிவிட்டாய். "ஏன் புள்ள, ஒண்ணும் பேச மாட்டியா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். அப்போது சளக் சளக் என்று ஒரு சத்தம். விழித்துப் பார்த்தால் தொரசானி கிண்ணத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நீ வந்தது கனவுதானா? நான் யாரிடம் கேட்பேன்?

மறுநாள் கோழி தின்றாள். அடுத்த நாள் தேயிலைச் செடியடியில் மண்ணைப் பறித்து, ஒழுங்காகப் போய்விட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தாள். ஒரு பூனை கெட்டியாகப் போனதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற ஆளை நீ எங்காவது கண்டிருக்கிறாயா? செல்வியைக் கூப்பிட்டு அதைக் காட்டக்கூட நினைத்தேன். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து தினமும் காலையில் உன் படத்துக்கு முன்னால் நின்று, "என்னையும் கூப்புட்டுக்க" என்று கேட்டு வந்தேன். உனக்குக் கேட்டிருக்கும். தொரசானிக்குக் கோழி அவித்த அன்று அதைக் கேட்க மறந்துபோனேன். அதற்கடுத்த நாளும் மறந்துபோனேன். இன்று நினைவு வந்தது, ஆனாலும் கேட்கவில்லை.

அவளுக்கு இனிப் பால் ஊற்ற மாட்டேன். கருவாடும் மிச்சம் மீதியும் போட மாட்டேன். அவளுக்கு அவிக்கிற நேரத்தில் எனக்கும் ஒரு பிடி அரிசி போட்டு, சூடாகச் சாப்பிடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன். நான் கேட்டதை எல்லாம் இப்போதைக்கு மறந்துவிடு, புள்ள. கூப்பிடாதே. நான் ஆறுதலாக, அவசரமில்லாமல் வருகிறேன்.

உன் பூனையையும் தன்னையும் பார்த்துக்கொள்ளும்,
உன் வீட்டுக்காரன் முத்தையா