முள்கம்பிக்குள் ஒரு சாப்பாட்டுக்கடை

பாலோ, 1931

மச்சானுக்கு ஸலாம்.

கடையைக் காலி செய்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வரச்சொல்லி எழுதியிருக்கிறீர்கள். இடம் தனக்கு வேண்டுமென்று தோட்டத்து மானேஜர் நம் சாப்பாட்டுக்கடையைச் சுற்றி முள்கம்பி அடித்து, ஆறு காவலாளிகளை நிறுத்தி நான்கு நாளாகிறது.

சாம் இனத்தவளான என் உம்மா சொல்வாளே, அந்தக் காலத்தில் அவர்களுடைய தலைநகரான விஜயா கோட்டையை வியட்நாம் படை ஒன்பது மாதம் வளைத்து நின்ற கதை? கடைசியில் சோறில்லாமல் போனது வெளியே நின்றவர்களுக்குத்தான். வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

இங்கேயும் காவலாளிகளுக்குச் சோறு அனுப்ப மானேஜர் மறந்துவிட்டார். பக்கத்தில் வேறு கடை கிடையாது. இன்று காலை ஒருவன், "அக்கா, சோறு இருக்கா?" என்றான்.

"இருக்குலா. கம்பிய வெட்டிட்டு உள்ள வந்து உக்காரு."

வெட்டிவிட்டான்.

அடுத்த ரயிலில் அரிசி இரண்டு மூட்டை அனுப்புங்கள். ஆறு பேரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள்.

இப்படிக்கு,
கடையை விட்டு நகராத உங்கள் மனைவி