மக்கேடாவின் ஐந்து செடிகள்

ட்ரெலானி மலை,
ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் தங்கை மக்கேடாவும் நலம். நம் மத வழிப்படி நீங்கள் வளர்த்த சடையைச் சிறையில் வெட்டிவிட்டார்களா என்று அவள் தினமும் கேட்கிறாள்.

போலீஸ்காரர்கள் பெரிய கஞ்சாச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டு போனாலும், வீட்டுக்கு ஐந்து என்ற சட்டப்படி ஐந்து கன்றுகளை விட்டுவிட்டுப் போனார்கள். அவற்றின் அடி இலைகள் இப்போது மஞ்சளாகின்றன. கஞ்சாப் பூவிலிருந்து நீங்கள் காய்ச்சி வைத்த மருந்தெண்ணெய்க் குப்பி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி மாத்திரை மட்டும் கொடுத்தால் மக்கேடாவின் வலிப்பு அடங்குவதில்லை. பக்கத்துத் தோட்டத்து ஏனோஸின் செடி புகைப்பவர்களுக்கானது, அந்த எண்ணெய் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. நம் செடி பூத்தால்தான் அவளுக்கு மருந்து.

எதிர்வீட்டு மிஸ் ஐசில்டா, "கடையில நீல உரம் விக்குதுடி. ஒரு பிடி போடு. உங்கப்பன் என்ன, ஜெயில் சுவர்ல ஏறியா எட்டிப் பாக்கப் போறான்?" என்கிறார். நம் முற்றத்தில் ரசாயனம் கூடாது என்பீர்களே, அதனால் வாங்கவில்லை. ஏனோஸிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மக்கேடாவைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டதிலிருந்து நான் வெளியாட்களிடம் பேசுவதே குறைந்துவிட்டது. என்ன செய்யட்டும்? நீங்களே எழுதுங்கள்.

உங்கள் மகள்,
திர்சா


ஆகஸ்ட் 25

திர்சா கண்ணே,

இங்கே அதிகாரிகள் படித்து முத்திரை போட்டுத் தருவதற்குள் உன் கடிதம் பழசாகிவிடுகிறது.

அடி இலை மஞ்சளானால் செடிக்குப் பசி. குகை வாசலில் கிடக்கும் புது வௌவால் எச்சத்தில் ஒரு பிடி எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி வேரில் ஊற்று. நான் நிறுத்தச் சொல்லும்வரை சனிக்கிழமைதோறும் ஊற்று. மருந்துச் செடிக்கு நீல உரம் வேண்டாம். ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள், காதில் வாங்காதே. என் கையெழுத்தில் வருவதை மட்டும் செய்.

சடை தலையில்தான் இருக்கிறது என்று சின்னவளிடம் சொல். நம் கடவுள் ஜா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

அப்பா,
ஒபதியா


செப்டம்பர் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருமுன்பே, நீங்கள் செய்வது நினைவுக்கு வந்து வௌவால் எச்சம் கரைத்து ஊற்றியிருந்தேன். பச்சை திரும்பிவிட்டது. பிறகு உங்கள் கடிதம் வந்தது. அதில் சொன்னபடி சனிதோறும் ஊற்றுகிறேன்.

இப்போது இலைகள் கறுத்த பச்சையாகி, நுனி கருகி, பறவை நகம்போல உள்ளே வளைகின்றன. ஏனோஸின் செடிகளில் பூவின் வெள்ளை முடி வந்துவிட்டது. நம்முடையதில் இலைமேல் இலைதான். நேற்று அவர் வேலிக்கு மேலிருந்து கத்தினார்: "ஏ பொண்ணு! தின்னு தின்னு வயிறு வீங்கி நிக்குது பாரு உன் செடி. இப்படி ஊட்டினா அது எப்படிப் பூக்கும்? எருவ நிறுத்து, வெறும் தண்ணி ஊத்து!"

"அப்பா எழுதியிருக்காரு" என்றேன்.

"உங்கப்பன் எழுதினப்ப இந்த இலை இப்படியா இருந்துச்சு?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எண்ணெயைப் பாதி அளவாகக் குறைத்திருக்கிறேன். மக்கேடாவுக்கு ஊற்றடியில் வலிப்பு வந்து நெற்றியில் அடிபட்டது. நிறுத்தலாமா அப்பா? சீக்கிரம் எழுதுங்கள்.

திர்சா


அக்டோபர் 17

திர்சா,

உடனே நிறுத்து! வெறும் தண்ணீர் மட்டும் ஊற்று, தாராளமாக. மண்ணில் சேர்ந்தது கழுவிப் போகட்டும். பூ கண்டபின், குகைக்கு உள்ளே காப்பித்தூள்போல உதிரும் பழைய எச்சத்தில் கொஞ்சம் கொடு. புது எச்சம் இலைக்கு, பழையது பூவுக்கு. இதை முதலிலேயே எழுதாமல் போனேன்.

எண்ணெயைக் குறைக்காதே, மகளே. பூ வந்துவிடும்.

அப்பா


நவம்பர் 11

அப்பா,

மக்கேடா இறந்துவிட்டாள்.

எண்ணெய் தீர்ந்த மறுவாரம். படியில் உட்கார்ந்து துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வலிப்பு முடியுமுன் அடுத்தது வந்தது. ஏனோஸ் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைவரை ஓடினார். வண்டியும் கிடைத்தது. பாதி வழியில் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

நம் வழியில் பிணத்தருகே நிற்கக் கூடாது என்பீர்கள். நான் நின்றேன். நான்தான் குளிப்பாட்டினேன். மிஸ் ஐசில்டா, "அழுதுடுடி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். அழுகை வரவில்லை.

உங்கள் கடிதம் அடக்கத்துக்கு மறுநாள் வந்தது. வெறும் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏனோஸ் செப்டம்பரில் சொன்னதும் அதேதான். இலையைப் பார்த்தபோது எனக்கும் தெரிந்தது, அப்பா. தெரிந்தும் உங்கள் கையெழுத்து வரட்டும் என்று காத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை விடாமல் ஊற்றினேன்.

சாவு வீட்டில் செடியை யாரும் கவனிக்கவில்லை. மழைதான் பெய்தது. இன்று காலை ஐந்து செடியிலும் பூவின் வெள்ளை முடி வந்திருக்கிறது. பழைய எச்சம் கொண்டுவர நான் குகைக்குப் போகப் போவதில்லை.

திர்சா


டிசம்பர் 20

திர்சா,

இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. இது மூன்றாவது.

செடியைப் பற்றிக் கேட்கவில்லை. ஏனோஸ் வெட்டினாலும் சரி, மழையில் அழுகினாலும் சரி. என் சொல்லை மீறாத பிள்ளை என்று உன்னைப் பற்றி இங்கே பெருமை பேசியிருக்கிறேன். இப்போது அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுகிறேன்.

நீ சாப்பிடுவதில்லை என்று மிஸ் ஐசில்டா ஆளிடம் சொல்லியனுப்பினார். நம் வீட்டில் உப்புச் சேர்ப்பதில்லை என்பதால், அவர் கொண்டுவரும் தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்புகிறாயாம். அந்த விதி நான் வைத்தது. விட்டுவிடு. அவர் உப்புப் போட்டே சமைக்கட்டும். சாப்பிடு, கண்ணே.

இதையும் என் சொல்லுக்காகச் செய்யாதே. பசிக்கும்போது சாப்பிடு.

அப்பா