பின்னர் நினைவூட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆன மனிதரை ஒரு கம்ப்யூட்டர் விஷயத்துக்காகத் தொந்தரவு செய்கிறேன். பேச்சில் உங்களை ‘நீ, வா, போ’ என்றுதான் சொல்வேன். பேனாவை எடுத்தால் ‘நீங்கள்’ என்று வந்துவிடுகிறது. காலேஜ் போய் வந்த பழக்கம். அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டு சிஸ்டத்தில் ஓடும் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதியது போடுவதா வேண்டாமா? மூன்று வாரமாக யோசித்துக் களைத்துவிட்டேன்.

அடுத்த மாதத்திலிருந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய சாஃப்ட்வேர் புதியதில்தான் திறக்கும். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். சொகுசுக்காகக் கேட்கவில்லை அப்பா. போன மாதம் ஒரு நாள் மத்தியானம் சாப்பிடாமல் விட்டதில் அம்மாவுக்கு சுகர் இறங்கி, அடுப்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். நான் கிண்டி தாண்டி ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். மாடி வீட்டு அக்காதான் போன் செய்தார். “பயப்படாத, சர்க்கரைத் தண்ணி குடுத்துட்டேன், கண்ணு முழிச்சிட்டாங்க.” அன்றிலிருந்து ரயிலில் போன் அடித்தாலே அடுத்த ஸ்டேஷனில் இறங்க வாசலுக்கு நகர்ந்துவிடுகிறேன்.

பிறகு எதற்கு மூன்று வாரம் என்கிறீர்களா?

நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் ‘மாற்றலாம்’, மறு பக்கம் ‘வேண்டாம்’ என்று எழுதினேன். மாற்றினால் வேலை வீட்டுக்கு வரும். வைரஸ் பயம் குறையும். பேங்க் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் வருகிற எச்சரிக்கை நிற்கும். வேண்டாம் பக்கத்தில், எட்டு வருடத்து மிஷின் புதியதைத் தாங்காமல் திணறலாம், பிரிண்டர் ஓடுமா தெரியாது என்று எழுதினேன். இன்னொரு காரணமும் உண்டு. அதை நோட்டில் எழுதவில்லை.

தாம்பரத்தில் சிஸ்டம் சரிபார்க்கிற பாஸ்கர் அண்ணாவிடம் கேட்டேன்.

“மெமரி கொஞ்சம் ஏத்துனா தாங்கும்மா. ஆனா பழசு மேலயே போட்டா பேஜாரு. மொத்தமா தொடச்சிட்டுதான் போடணும். போட்டோ, ஃபைல் எல்லாம் பென் டிரைவ்ல எடுத்து வெச்சிக்கோ.”

“அண்ணா, அதுல ஒரு சீட்டு விளையாட்டு இருக்கு…”

“புதுசுல கலர் கலரா கீதும்மா! நீ இன்னா, ஆபீஸ் வேலை பாக்கப் போறியா, சீட்டாடப் போறியா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்துவிட்டு வந்துவிட்டேன். அது எங்கப்பா பாதியில் விட்ட ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆமாம் அப்பா. படப்பையிலிருந்து கம்பெனி வேனை ஓட்டிவந்து நிறுத்தியதும், “மவுஸ் பழகுறேன்” என்று அம்மாவை ஏமாற்றிவிட்டு உட்காருவீர்களே, அந்த ஆட்டம்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் பாதியில் மூடியிருக்கிறீர்கள். திறந்தால், ‘சேமித்த ஆட்டத்தைத் தொடரவா?’ என்று கேட்கிறது. தொடர் என்றால் உங்கள் சீட்டுகள் அப்படியே விரிகின்றன. சிவப்பு ராணியைக் கறுப்பு ராஜாவின் மேல் வைத்திருக்கலாம். நீங்கள் கவனிக்கவில்லை. நான் தொடவில்லை. துடைத்தால் அது போய்விடும்.

இதை எப்போதோ மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் தள்ளிப்போட்டது நீங்கள்தான், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் படிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் தமிழில் வைத்துக் கொடுத்தேன். புதியது தயார் என்று ஒரு அறிவிப்பு வந்தது. அதன் கீழே ‘இப்போதே’ என்று ஒரு பொத்தான், ‘பின்னர் நினைவூட்டு’ என்று ஒரு பொத்தான்.

“இன்னாமா இது, மரியாதையில்லாம பேசுது? நினைவூட்டுங்கன்னு சொன்னா கொறஞ்சா பூடும்?”

அது சிஸ்டத்துக்கு நாம் சொல்லும் பதில் என்று உங்களுக்குப் புரியவில்லை. சிஸ்டம் உங்களுக்கு வேலை வைக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அழுத்திவிட்டுப் போய் நாள்காட்டித் தாளில் எழுதினீர்கள்: ‘சிஸ்டத்துக்கு ஞாபகப்படுத்தணும்.’ நான் பார்த்துக் கேட்டபோது, “அது சொல்லிச்சு, எழுதி வெச்சேன். வூட்டுல எல்லாத்தையும் நாமதானே ஞாபகம் வெச்சிக்கினு கீறோம்” என்றீர்கள். விளக்கிச் சொன்னதும் உங்களுக்கு ஒரே சந்தோஷம். “அப்போ அதுதான் நமக்கு ஞாபகப்படுத்துமா? நல்ல புள்ளையா கீதே!” அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் அதே பொத்தான்தான்.

நேற்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன்.

“மவுஸ் பழகுறாராம், மவுஸ்! எனக்குத் தெரியாதாக்கும்? சீட்டு கலைக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேக்கும்டி.” அடுப்பை அணைத்துவிட்டு வந்து, “தொடைக்கச் சொல்லிடு. என்னை நெனச்சி நீ ரயில்ல பயந்துகினு நிக்கிறது எனக்கு வாணாம்” என்றாள்.

பிறகு என் நாற்காலியின் பின்னால் வந்து நின்று, திரையில் விரிந்திருந்த ஆட்டத்தைப் பார்த்தாள்.

“அந்த ராணிய எடுத்து வெக்கலையா இந்த மனுஷன்?”

நான் திரும்பிப் பார்த்தேன். எத்தனை நாள் இப்படி உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள் அப்பா? உங்களுக்குத் தெரியுமா?

அம்மா ஒவ்வொரு வரிசையாகச் சொல்லச் சொல்ல, சீட்டுகளை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். சீட்டுக்கட்டு ஒன்று வாங்கி இப்படியே பரப்பலாம் என்கிறாள். கவிழ்ந்து கிடக்கிற சீட்டுகள் என்னவென்றுதான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

ஆபீசில் இன்று பெயர் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை பாஸ்கர் அண்ணா வீட்டுக்கு வருகிறார். இனி மத்தியானச் சாப்பாட்டை அம்மா தள்ளிப்போட விடமாட்டேன். பக்கத்திலேயே இருப்பேன். இது சத்தியம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கேட்கலாமா என்று இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேலையும் வீடும் ஒன்றாகிப்போன அலுப்பில், என்றைக்காவது உங்கள் முகமோ குரலோ எனக்கு மங்கிப்போகலாம். அப்போது யார் யாருக்கு ஞாபகப்படுத்துவது என்ற குழப்பம் வேண்டாம். மரியாதையும் வேண்டாம். நீதான் அப்பா, எனக்கு.

பின்னர் நினைவூட்டு.

உன் பொண்ணு,
ரேவதி