கறள் பிடித்த தாச்சி

மச்சாள்,

இன்று கத்தரிக்காய் பொரிக்கவென்று உங்கள் தாச்சியை அடுப்பில் வைத்தேன். எண்ணெய் ஊற்றுவதற்கு முன், வெறும் இரும்பு சூடேறும்போது ஒரு மணம் வருமே, அது வந்தது. நீங்கள் பின்னால் வந்து நிற்பது போல முதுகு கூசியது. நீங்கள் போய் ஆறு வருடமாகிறது. இன்னும் என்னை நிம்மதியாக ஒரு கத்தரிக்காய் பொரிக்க விடுகிறீர்களில்லை. நீங்கள் நல்லவர் என்று சொல்வதற்காக இதை எழுதத் தொடங்கவில்லை. நானும் நல்லவளில்லை. அது நம் இருவருக்கும் தெரியும்.

உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு மொன்ட்ரியால்-நோர் வீட்டுக்கு நான் வந்த முதல் தைப்பொங்கலிலேயே இந்தத் தாச்சியால் வம்பு தொடங்கியது. இடப்பெயர்வில் நகையையும் வீட்டு உறுதிப் பத்திரத்தையும் விட்டுவிட்டு இதை மட்டும் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினீர்களாம். உங்கள் கலியாணத்துக்கு அம்மா தந்தது. உங்களைக் கட்டின அத்தான் போய், வீடும் போய், இது ஒன்றுதான் உங்களுக்கு மிஞ்சியது. உள்பக்கம் கறுத்து, முகம் பார்க்கலாம் போல மினுங்கும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் முகாமில் அலுமினியச் சட்டியோடு வளர்ந்தவள். மினுக்குவதென்றால் எனக்குத் தெரிந்தது பித்தளைக் குத்துவிளக்கும் பழப்புளியும்தான்.

உங்களைச் சந்தோசப்படுத்த நினைத்தேன். விளக்கோடு சேர்த்துத் தாச்சியையும் காலையிலேயே புளியிலும் உப்பிலும் ஊறவைத்தேன். கார்தெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், சமைத்துவிட்டுப் பின்னேரம் நீங்கள் வந்து பார்த்தபோது விளக்கு தங்கம் போல இருந்தது. தாச்சி தோலுரித்த மாதிரி வெளிறி, அங்கங்கே செம்மஞ்சளாகக் கறள் பூத்துவிட்டிருந்தது.

"பித்தளைக்கும் இரும்புக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தியையோ என்ர தம்பி கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்?" என்றீர்கள். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, தாச்சியைப் பார்த்துச் சொன்னீர்கள்.

அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு கிழமை எடுத்தது. எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை; முதுகைக் காட்டிக்கொண்டே செய்தீர்கள். நான் கதவோரம் நின்று களவாகப் பார்த்தேன். வினாகிரியில் அரை மணித்தியாலம், அதற்குமேல் ஒரு நிமிடமும் இல்லை. பிறகு கம்பிப் பஞ்சால் தேய்ப்பு. கழுவின கையோடு அடுப்பில் வைத்து, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காயவைப்பு. சூட்டோடு எண்ணெய் தடவி, தடவினதே தெரியாத அளவுக்குத் துடைத்து, புகை வரும்வரை சூடேற்றல். ஆறவிட்டு மறுபடியும் எண்ணெய். கடைசியில் மெட்ரோவில் இலவசமாகக் கிடைக்கும் பிரெஞ்சுப் பேப்பரில் சுற்றி, குழாயடிக்குத் தூரமான அலுமாரியில் வைத்தீர்கள். அதற்குப்பிறகு நான் தாச்சியைத் தொடக்கூடாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தேத்தண்ணியோடு புளிக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் சிரிக்க, நான் பிஸ்கட் தட்டோடு நிற்பேன்.

அதையெல்லாம் மறந்திருப்பேன், மச்சாள். அடுத்த வருடம் வயிற்றில் மூன்று மாதமாயிருந்த என் பிள்ளை கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அறையில் படுத்திருந்தேன். நீங்கள் ரொறன்ரோவிலுள்ள உங்கள் சித்தியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"இரும்பைக் காயவைக்கத் தெரியாதவளிட்டைக் கடவுள் பிள்ளையை எப்பிடிக் குடுப்பார், சித்தி?"

கதவு திறந்திருந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் திறந்துவிட்டுப் போனீர்கள்.

அந்தக் கார்த்திகையில் சீனி வருத்தம் உங்கள் காலையும் கண்ணையும் சேர்த்துப் பிடித்தது. குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரி. நீங்கள் அங்கே போய் மூன்றாம் நாள் நான் அலுமாரியைத் திறந்து, பேப்பரை உரித்துத் தாச்சியை எடுத்தேன். பின்பல்கனியில் வைத்தேன். படியில் பனிக்கட்டி இறுகாமல் தூவுவதற்கு ஒரு மூட்டை உப்பு அங்கே கிடந்தது. அதில் இரண்டு கை அள்ளித் தாச்சிக்குள் போட்டேன். மேலே பனி கொட்டி மூடியது. ஒவ்வொரு நாளும் யன்னலால் அந்த மேட்டைப் பார்ப்பேன். உண்மையைச் சொல்கிறேன், சந்தோசமாக இருந்தது. உங்களுக்குச் சூப் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் அந்தச் சந்தோசத்தோடுதான் வந்தேன்.

சித்திரையில் ஒரு பாதம் இல்லாமல், கண்ணும் மங்கி வந்தீர்கள். கதிரையில் இருந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ர தாச்சி எங்கை?"

"எண்ணெய் தடவி வைச்சிருக்கிறன், மச்சாள்" என்றேன். அதைக் கொண்டுவந்து உங்கள் மடியில் வைத்தேன். கண் தெரியாதவர் எதைக் கண்டார் என்ற எண்ணம் எனக்கு. நீங்கள் விரல்களால் தடவினீர்கள். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மடியெல்லாம் செம்மண் நிறம். பிறகு விரலை எடுத்து நாக்கில் வைத்தீர்கள்.

"பனியிலை உப்பு இருக்காது, பிள்ளை" என்றீர்கள்.

நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். சித்திக்குப் போனில் சொன்னதைத் திருப்பிக் கேட்கவேண்டும் என்று வார்த்தையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அதற்குள் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை முடிந்து உங்கள் தம்பி வந்துவிட்டார்.

"என்னக்கா, தாச்சிக்கு என்ன நடந்தது?"

"ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்திலை பல்கனியிலை வைச்சிட்டு மறந்துபோனன், தம்பி."

அவர் குளிக்கப் போனதும் என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள்.

"உன்னைக் காப்பாத்தினதெண்டு நினையாதை. அவனுக்குச் சொன்னால் ரெண்டு நாள் கத்திப்போட்டு மன்னிச்சிடுவான். நீயும் அழுதிட்டு மறந்திடுவாய். நான் அதுக்கு விடமாட்டன். இந்தா, மினுக்கு."

வைகாசி முழுக்க மினுக்கினேன். வினாகிரி, கம்பிப் பஞ்சு, அடுப்பு, எண்ணெய், திரும்பவும் வினாகிரி. நீங்கள் கதிரையில் இருந்து தேய்க்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சத்தம் நின்றால், "ஏன் நிப்பாட்டினாய்?" என்பீர்கள். உங்கள் தம்பிக்கு ஒரே பெருமை. "அக்கா கறள் பிடிக்க விட்டதை இவதான் பழையபடி ஆக்கிறா" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். தாச்சியை ஒருநாளும் ஈரத்தோடு வைக்காத நீங்கள், உங்கள் காதுபடவே மறதிக்காரியானீர்கள். முகத்தை மட்டும் நான் நிற்கும் பக்கம் திருப்பினீர்கள். இதைவிட நீங்கள் என்னை அடித்திருக்கலாம்.

புரட்டாதியில் போய்விட்டீர்கள். செத்தவீட்டில் உங்கள் தம்பி எழும்பிக் கதைத்தபோது தாச்சிக் கதையையும் சொன்னார். உயிராய் வைத்திருந்ததையே கடைசிக் காலத்தில் அக்கா மறந்துபோனா என்று சொல்லி அழுதார். "பாவம், அந்த மனுசிக்குக் கடைசியிலை மறதி" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். எழும்பி நின்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நான் மூக்கைச் சீறிக்கொண்டு இருந்தேன்.

அடுத்த வருடம் மகள் பிறந்தாள். இரும்பைக் காயவைக்கத் தெரியாதவளுக்கும் கடவுள் கொடுத்துவிட்டார், மச்சாள். அதை உங்களுக்குச் சொல்லிக்காட்ட முடியவில்லையே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கு ஆத்திரம் வந்தது.

இன்று பொரித்து முடித்து, தாச்சியைக் கழுவி அடுப்பில் வைத்தேன். இவர் சாப்பாட்டு மேசையிலிருந்து குரல் கொடுத்தார்.

"வடிவாய்க் காயவிடும். அக்கா மாதிரி மறந்துபோடாதையும்!"

வழக்கமான பகிடிதான். மகளுக்கு இப்போது ஐந்து வயது. கேள்வி கேட்கிற வயது; 'ஏன்' என்பதைப் பிரெஞ்சிலேயே கேட்பாள்.

"பூர்க்குவா, அம்மா? மாமி எல்லாத்தையும் மறக்கிறவவோ?"

சொல்ல வாய் திறந்தேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டு சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். ஆறு வருடம் கழித்து இப்போது சொன்னால் அந்த முகம் என்னவாகும் என்பதை நீங்கள் அன்றைக்கே கணக்குப் போட்டு வைத்திருந்தீர்கள்.

"ஓம், குஞ்சு" என்றேன்.

தாச்சியைக் காயவைத்து, எண்ணெய் தடவித் துடைத்து, பேப்பரில் சுற்றி வைத்துவிட்டேன், மச்சாள். ஒரு சொட்டு ஈரமும் இல்லை.