பாதிப் பறவை

ஏப்ரல் 2, புதன்

குளிர். வெயில் உண்டு, சூடு இல்லை. தயிர் உறையவில்லை. நாளைக்கு ஹீட்டர் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

யமுனா டூட்டிக்குப் போய்விட்டாள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் மகள். நான் வந்து இறங்கியதிலிருந்து ஒரே பாட்டு, "ரெஸ்ட் எடும்மா." ஆரணியில் ஒரு நாள் ரெஸ்ட் எடுத்திருப்பேனா? அதுக்கா இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தேன்? ஆஸ்திரேலியா என்றதும் கடல், கட்டடம் என்று நினைத்தது என் தப்பு. இங்கே ஆடு, மாடு, புல், மேலே பெரிய வானம். பார்க்க என்று இருப்பது ஒன்றே ஒன்று. ஊருக்கு ஊர் ஒரு சின்ன மியூசியம், நம் ரேஷன் கடை அளவில்.

முடிவு எடுத்தாச்சு. ஊர் திரும்புவதற்குள் இந்த வட்டாரத்து மியூசியம் அத்தனையும் பார்த்துவிடுவது. சாயங்காலம் யமுனாவிடம் சொன்னேன்.

"எல்லாம் பழைய தட்டுமுட்டு சாமான்மா. ரெண்டு பாத்தாலே பேஜாராய்டும்."

"ஆவட்டும். லீவு நாள்ல நீ வண்டிய எடு."

சேலை டிசைன்: இருதலைப் பட்சி. ஆவணி முகூர்த்தத்துக்கு. உடம்பு, இறக்கை முடிந்தது. வால் பாக்கி. கிராஃப் தாளில் கட்டம் நிரப்பி நிரப்பிக் கண் எரிகிறது.

ஏப்ரல் 5, சனி

மேகம். மழை இல்லை.

வெண்ணெய் ஊர். (நிஜப் பேர் வாயில் நுழையவில்லை. அங்கே ஒரு காலத்தில் வெண்ணெய் ஃபேக்டரி இருந்ததாம், அதனால் இந்தப் பேர்.) கதவில் பூட்டு. "சாவி பேக்கரியில்" என்று சீட்டு. பேக்கரிக்காரர் சாவியை எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்! போகும்போது பூட்டிவிட்டுப் போகணுமாம். நம் ஊரில் செய்தால் மறுநாள் பூட்டும் இருக்காது.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டேன். "அம்மா, கோயில் இல்லம்மா இது." கால் தானாகக் கழற்றிவிட்டது, நான் என்ன செய்ய?

உள்ளே அந்துருண்டை வாசம். வெண்ணெய் கடையும் மரப்பீப்பாய். தையல் மெஷின். விரல் உடைந்த பொம்மைக்குக் கல்யாண கவுன். முள்கம்பியில் மட்டும் ஒரு பலகை நிறைய ரகம். போர்வை ஒன்று, துண்டுத்துணி ஒட்டுப்போட்டது, ஒவ்வொரு துண்டிலும் அதைத் தைத்தவள் பேர் நூலால். எல்லாவற்றுக்கும் கீழே சீட்டு. இது இன்னார் செய்தது, இது இன்னார் கொடுத்தது.

ஒரு நாய் போட்டோ. ஆடு மேய்த்த நாய். கீழே அதன் பேர், "பெல்". எந்தப் பண்ணை, எவ்வளவு கெட்டிக்காரி, எல்லாம்.

ரொம்ப நேரம் அந்த போட்டோ முன்னால் நின்றேன். யமுனா பின்னால் வந்து, "இன்னாம்மா, நாய அவ்ளோ பிடிச்சிடுச்சா?"

பிடித்தது என்றேன். பொய்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றிலிருந்து இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். நாடு மொத்தமும் இல்லையாம், பாதிதான். நல்ல கூத்து.

ஆரணியிலிருந்து அவர் போன். "சாப்ட்டியாமே? இங்க வெயிலு கொளுத்துது. கரண்டு வேற போய்ப் போய் வந்துகினு இருக்குது. பட்சி எப்போ முடியும்? ஜல்தியா அனுப்பு, தறிக்குக் கார்டு அடிக்கிறவன் கேட்டுகினே இருக்கான்."

நேற்றிலிருந்து மனசில் அரிக்கிறது. எழுதிவிடுகிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள்.

கல்யாணமான மறுவருஷத்திலிருந்து டிசைன் போடுகிறேன். யாளி, மாங்காய், மயில், அன்னம். அவர் தறிக்கும் போட்டேன், கேட்டவர்கள் தறிக்கும் போட்டேன். சேலை காஞ்சிபுரம் கடைக்குப் போகும். கடைப் பேர் ஒட்டி விற்கும். கல்யாண வீட்டில் என் மயிலைக் கட்டிக்கொண்டு ஒருத்தி என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். "சேலை நல்லா இருக்கு" என்றேன். கடைப் பேரைச் சொன்னாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

அப்போதெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. நேற்றுத் தோன்றியது. நாய்க்குப் பேர் இருக்கிறது. எனக்கு இல்லை.

கோபமாக வருகிறது. நன்றாக வரட்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காற்று. கொடியில் போட்ட துப்பட்டா பக்கத்து வீட்டு வேலியில்.

யமுனாவுக்கு லீவு. ரயில் ஊர். ரயில் வருவது நின்று பல காலமாம், ஸ்டேஷனே மியூசியம். டிக்கெட் அடிக்கிற மெஷின், பச்சைக் கொடி, மணி. மணி அடித்துப் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. அடித்தேன். மூன்று முறை.

திரும்பும் வழியில் எங்கள் ஊரிலேயே கேலரி, பழைய கோர்ட்டுக் கட்டடத்தில். கூண்டு இருந்த இடத்தில் பூச்சாடி. பார்த்துக்கொள்பவர் ஜூடி, எழுபது வயசிருக்கும், முன்பு ஸ்கூல் பஸ் ஓட்டியவர். யமுனாவைத் தெரியும். ஜூடிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது கட்டுப் போட்டது இவள்தான். "யமுனாவோட அம்மாவா!" என்று கட்டிப்பிடித்தார்.

சனிக்கிழமை புதுசாக ஒரு கண்காட்சி. யார் வேண்டுமானாலும் ஆளுக்கு ஒரு படம் மாட்டலாம். தேர்வு கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. கொண்டுவந்தால் சுவரில் இடம்.

நான் யமுனாவைக் கேட்கவில்லை. எனக்கு இருக்கிற இங்கிலீஷில் நானே சொன்னேன், "ஐ ப்ரிங்."

யமுனா வண்டியில், "நீ எதைம்மா ப்ரிங் பண்ணப் போற?"

"பட்சிய."

ஏப்ரல் 9, புதன்

தயிர் உறைந்தது! ஹீட்டர்தான் வழி.

வால் முடிந்தது. கடைசிக் கட்டம் சிவப்பு.

அவருக்கு போன் போட்டுச் சொன்னேன். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும் என்று முதலில் சாப்பாடு, வெயில், அவர் முட்டிவலி எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தேன். பிரயோஜனம் இல்லை.

"இன்னாமே பேசற? சேலை இறங்கறதுக்கு முன்னாடி டிசைனை வெளிய காட்டுவாங்களா? எவனாவது போட்டோ எடுத்தா போச்சு."

"இங்க எவங்க தறி வச்சிருக்காங்க? மாடு வச்சிருக்காங்க."

"வேணாம்மே. சொன்னா கேளு."

"கேட்டாச்சு. முப்பது வருசமா கேட்டுகினுதான் இருந்தேன். இது ஒண்ணு நான் செய்றேன்."

"சரி, வெச்சிடு."

வைத்துவிட்டேன். ஆனால் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

அவமானம். முதலில் அதை எழுதிவிட்டு மற்றது.

யமுனா டூட்டிக்குப் போகிற வழியில் என்னைக் கேலரியில் இறக்கிவிட்டாள். கிராஃப் தாளை விரித்தேன். ஜூடிக்கு நிஜமாகவே பிடித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். பிறகு மெதுவாக, குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டார். ரொம்ப அழகு. எப்போது முடியும்?

முடிந்துவிட்டது என்றேன்.

பேர் என்ன? இருதலைப் பட்சி. "டூ ஹெட் பேர்ட்."

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டி எண்ணினார். ஒன்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாளில் இருப்பது ஒரு தலை, ஒரு இறக்கை, அரை வால். நாங்கள் எப்போதும் பாதிதான் போடுவோம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியிலிருந்து இறங்குகிற கயிறுகளை இடமும் வலமும் ஜோடி ஜோடியாகக் கட்டியிருக்கும். இடது பக்க இழை எழும்பினால் வலது பக்கத்துக் கூட்டாளியும் எழும்பும். மறுபாதி தானாக விழுந்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இதைப் பாதி என்று நான் பார்த்ததே இல்லை. என் கண்ணுக்கு அது முழுப் பட்சிதான். யமுனாவும் தறி வீட்டில் வளர்ந்தவள், அவளுக்கும் தெரியவில்லை பார்!

இதை எல்லாம் எந்த இங்கிலீஷில் சொல்வது? "மெஷின் டூ, மெஷின் டூ" என்று கையை ஆட்டினேன். பாவம், தலையை ஆட்டினார்.

அதோடு விட்டதா? ஜூடி முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்த சீட்டு: "பறவை. யமுனாவின் அம்மா, இந்தியா."

அன்போடுதான் அடித்திருக்கிறார். ஆனாலும் படம் பாதி, பேரும் இல்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று ஒரு நொடி.

கிளம்பவில்லை. பேனாவை வாங்கி, அந்தச் சீட்டில் இருந்ததைக் கோடு போட்டு அடித்தேன். கீழே பெரிய எழுத்தில், தமிழில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம்: செண்பகவல்லி, ஆரணி. ஜூடி முகம் சிவந்துவிட்டது. "ஸாரி, ஸாரி." சொல்லிப் பார்க்கச் சொன்னேன். நாலாவது தடவை ஓரளவு வந்தது. தாளை நாளைக்கு மாட்டலாம் என்று கூடவே எடுத்து வந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

தூறல்.

யமுனா ராத்திரி எல்லாம் யோசித்தாளாம். "மறுபாதியும் போட்டுடும்மா. ஜன்னல்ல வச்சு டிரேஸ் எடு."

டிரேஸ் எடுக்கலாம். கட்டம் யார் நிரப்புவது? வாரக்கணக்கு வேலை, நாளைக்குக் கண்காட்சி. அதுவும் தவிர, ஏன் போடணும்? இது முடிந்த வேலை. இந்தத் தாள் இப்படியே தறிக்குப் போகும், அங்கே முழுப் பட்சி இறங்கும். முடியாத வேலை என்று நான் எதற்கு ஒத்துக்கொள்ளணும்?

தலை வாரும்போது வழி கிடைத்தது. யமுனாவின் நீளக் கண்ணாடி. தாளின் வலது விளிம்பில் அதை நேர்க்குத்தாக நிறுத்தினேன்.

இரண்டு தலை. இரண்டு இறக்கை. முழு வால்.

யமுனா பல் விளக்கிக்கொண்டே வந்தவள் வாயில் நுரையோடு கத்தினாள். தாளும் கண்ணாடியும் நாங்களும் கேலரிக்கு. ஜூடி ஆணி, சுத்தியல், மரக்கட்டை எல்லாம் தன் வண்டியிலிருந்தே எடுத்தார். ஸ்குரூ போட்டு இறுக்கிவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எண்ணினார். ஒன்று, இரண்டு. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஏப்ரல் 12, சனி

நல்ல வெயில். மாம்பழ மஞ்சள் சேலை, என் அன்னம் போட்டது.

கூட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த ஊருக்குக் கூட்டம்தான். டீ, கேக், ஜாம் தடவிய பன். என் பக்கத்துப் படம் ஒரு டிராக்டர், எதிரே ஒருத்தர் வரைந்த தன் மாடு. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிச் சீட்டு.

வந்தவர்கள் எல்லாம் என் சுவர் ஓரம் வந்து குனிந்து, கண்ணாடிக்குள் மறுபாதியைத் தேடினார்கள். ஒரு பெரியவர் போவதும் வருவதுமாக நாலு தடவை. ஒருத்தி சீட்டைப் படித்து, திரும்பி, என் சேலையைப் பார்த்து, "செண்பகவல்லி?" என்றாள்.

எஸ் என்றேன்.

வேறொன்றும் சொல்ல வரவில்லை. இங்கிலீஷ் காரணம் இல்லை. தமிழிலும் வந்திருக்காது. சந்தோஷம், அழுகை வருகிற சந்தோஷம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவர் பயந்தது நடந்தது, யமுனாவால். நேற்று போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். காஞ்சிபுரம் கடைக்காரர் பார்த்துவிட்டு அவருக்கே போன்.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "கடைக்காரரு அந்தப் பட்சி தனக்கு மட்டும் வேணுங்கறாரு. முகூர்த்தம் மொத்தத்துக்கும். ஜல்தியா அனுப்புமே."

வாய் வரைக்கும் "சரிங்க" வந்துவிட்டது. பழக்கம். விழுங்கினேன்.

"அனுப்பறேன். முந்தானை ஓரத்துல என் பேரு வரணும். பேரு இல்லனா பட்சி இல்ல."

"சேலையில பேரா? கடைக்காரரு ஒத்துக்க மாட்டாரு."

"கேட்டுப் பாருங்க."

"ஒத்துக்கலன்னா?"

"பட்சி இங்கியே சுவத்துல இருக்கட்டும். இங்க அதுக்கு மரியாதை இருக்குது."

போனை வைத்துவிட்டார். நான் சாப்பிடவில்லை. யமுனா என் தட்டை மூடி வைத்தாள். இது ஒரு சேலைக்கான சண்டை இல்லை என்று அவளுக்குத் தெரிகிறது.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ இல்லாத பச்சடி. மாங்காய் கிடைத்தது, புளிப்பு இல்லை.

அவர் போன், நான் எழுந்திருக்கும் முன்பே. அங்கே விடிந்துகூட இருக்காது.

"கடைக்காரரு முடியாதுன்னுட்டாரு."

சரி என்றேன். போனை வைக்கப் போனேன்.

"இருமே, சொல்லி முடிக்கல. அவரு வேணாம்னா போவட்டும். நம்ம தறி ஒண்ணுல போடுவோம், நாமே விப்போம். ஆனா ஒண்ணு யோசிச்சியா? இப்ப இருக்கற ஜோடிக் கட்டுல பேரு போட்டா ஒரு பக்கம் நேரா வரும், இன்னொரு பக்கம் திரும்பி வரும். எவன் படிப்பான்?"

யோசிக்கவில்லை. சுத்தமாக யோசிக்கவில்லை.

"அந்தத் தறியில கயித்தையெல்லாம் அவுத்துட்டு, ஜோடி போடாம ஒண்ணொண்ணா கட்டிடறேன். வாரக்கணக்கு வேலை, இன்னா பண்றது. இன்னிக்கு நல்ல நாளு, இப்பவே ஆரம்பிச்சிட்டேன். நீ ரெண்டு பக்கமும் முழுசாப் போட்டு அனுப்பு."

"முழுசாவா?"

"முழுசாத்தான். பாதி போட்டா இனிமே பாதிதான் விழும்."

பச்சடி அடுப்பில். யமுனா கிளறுகிறாள்.

யமுனா எடுத்த போட்டோவைப் பார்த்து, புதுத் தாளில் முதல் தலையின் அளவை மட்டும் புள்ளி வைத்துக்கொண்டேன். மிச்சம் இனி என் கை. வலது பக்கம் ஒரு நாளும் போட்டதில்லை. கண்ணாடியில் தெரிந்த மாதிரியே போடணும் என்று ஒன்றும் கட்டாயம் இல்லை, கயிறு இனி ஜோடி இல்லை.

இடது தலைக்கு அலகு மூடியிருக்கும். இதற்குத் திறந்து விட்டேன்.