நாற்பது பேர் நின்றதாகச் சொன்னேன், மாமி

என் ஆசை மாமிக்கு,

நீங்கள் போய் ஏழு வருஷமாகிறது. இருந்தபோது உங்களோடு மல்லுக்கட்டாத நாளில்லை. இப்போது மல்லுக்கட்ட ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உங்கள் மூத்த மகனோ எதற்கும் எதிர்த்துப் பேசாத மனுஷன். அவரோடு எப்படிச் சண்டை போடுவது?

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதே அவர்தான். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

ஹந்தானைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கண்டி டவுனுக்கு இறங்குவீர்கள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், சிங்கள, முஸ்லிம் பெண்களோடு, செத்தவர்களுக்குத் துக்கமாகக் கறுப்பு உடுத்து, யுத்தம் வேண்டாம் என்ற அட்டையைப் பிடித்து, ஒரு மணி நேரம் பேசாமல் நிற்பீர்கள். வீட்டில் வாயை மூடாத மனுஷி தெருவில் எப்படித்தான் மூடிக்கொண்டு நிற்கிறாரோ என்று நான் முணுமுணுத்ததுண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை உங்களோடு வந்து நின்றுவிட்டுப் போன மரியா இத்தாலியிலிருந்து எழுதும் கடிதங்களை நான்தான் உங்களுக்கு வாசித்துச் சொல்வேன். கந்தோரில் கிளார்க்காக இருந்ததால் எனக்கு இங்கிலீஷ் வரும். அவளும் அவள் தோழிகளும் தங்கள் ஊரில் அப்படித்தான் நின்றார்கள். ஜெருசலேமில் சில பெண்கள் தொடங்கியது, பிறகு ஊர் ஊராகப் பரவியது என்று எழுதியிருந்தாள். அதற்கும் வெகு காலம் முன்பு, முதல் உலக யுத்தத்தின் நடுவிலேயே, ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த நாடுகளின் பெண்கள் நெதர்லாந்தில் கூடி, சண்டையை நிறுத்தச் சொன்னார்களாம். "ஆத்தாடி! அத்தன பேரும் கெளம்பிப் போய்ட்டா வீட்டுல யாரு ஒல வச்சா?" என்றீர்கள். கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னீர்கள்.

பிறகு செல்வராசு வராமல் போனான். என் கொழுந்தன், உங்கள் கடைக்குட்டி. பேராதனையில் பஸ்ஸுக்கு நின்றவனை யாரோ வேனில் ஏற்றினார்கள் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்த மாதமும் நீங்கள் நிற்கப் போனீர்கள், ஆனால் கறுப்பு உடுத்த மாட்டேன் என்றுவிட்டீர்கள். "எம்புள்ள செத்தான்னு எவ சொன்னா?" என்று, அவன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த சிவப்புச் சேலையோடு போய் நின்றீர்கள்.

திரும்பி வந்து என்னை உட்காரவைத்துச் சொன்னீர்கள்: "எழுது புள்ள. எம்மகன் பேரு செல்வராசு. இருவத்திமூணு வயசு. வீட்டுக்கு வரல. அடுத்த தடவ நிக்கையில அவம்பேர எழுதிப் புடிச்சிக்கிட்டு நில்லுங்கன்னு மரியாவுக்கு எழுது."

நான் எழுதவில்லை, மாமி.

கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்ட காலம். இவரையும் கொண்டுபோய்விடுவார்களோ என்று பயந்தேன். "நாங்கள் எல்லோரும் சுகம், இங்கே நல்ல மழை" என்று எழுதி ஒட்டினேன். உங்கள் கண்முன்னால்தான் எழுதினேன். நீங்கள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பதில் வந்தது. சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம் என்றிருந்தது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படி வாசிப்பேன்? "ஒங்க மகன் பேர எழுதிப் புடிச்சி நாப்பது பேரு நின்னாங்களாம் மாமி" என்று வாசித்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதீர்கள். அவன் காணாமல் போனபின் நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு எத்தனை தரம் அதை வாசிக்கச் சொன்னீர்கள்! ஒரு நாள் நாக்குப் பிசகி முப்பது என்றுவிட்டேன். "மிச்சம் பத்துப் பேரு எங்கடி போனாளுக?" என்றீர்கள். கண் சரியாகத் தெரியவில்லை என்று சமாளித்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்தீர்கள். அதன் பிறகு வாசிக்கச் சொல்லவேயில்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துமா கடைசிவரை என் கையால் கஞ்சி குடித்தீர்கள்?

இப்போது மரியாவும் இல்லை. அவள் மகள், அப்படிக் கறுப்பு உடுத்து நின்ற பெண்களின் சரித்திரத்தை எழுதுகிறாளாம். தாயின் பெட்டியில் இருந்த நம் கடிதங்களைப் படம் பிடித்து, என்னை எப்படியோ தேடிப்பிடித்துப் போனுக்கு அனுப்பியிருந்தாள். யுத்தம் உங்கள் வீட்டைத் தொடவில்லை போலிருக்கிறதே, அப்படித்தானா என்று கேட்டிருந்தாள்.

போன் இவர் கையில் இருந்தது. எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் வாசிப்பவர், கடிதத்தின் தேதியைப் பார்த்துவிட்டு, "தம்பி காணாமப் போன மாசந்தானே இது? எல்லாரும் சுகம்னு எழுதியிருக்கியே?" என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "மொதல்ல அம்மாகிட்ட சொல்லு. அப்பறமா அந்தப் புள்ளைக்கு எழுது" என்றார்.

சொல்லிவிட்டேன், மாமி. ஒரு மகனைக் காப்பாற்றப் பார்த்து, இன்னொரு மகனின் பெயரை உலகத்தில் ஒரு தெருவிலும் நிற்கவிடாமல் செய்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அகப்பையால் தலையில் இரண்டு போட்டிருப்பீர்கள். அந்த அடிக்காக ஏங்குகிறேன், நம்புங்கள்.

அந்தப் பிள்ளைக்கு இன்று எழுதப்போகிறேன். நீங்கள் அன்று சொன்னதை, சொன்ன வரிசையிலேயே. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இன்றும் ஆறேழு பெண்கள், எங்கெங்கோ நடக்கும் சண்டைகளுக்காக, நிற்கத்தான் செய்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை நானும் போகிறேன். செல்வராசுவின் பெயரை அட்டையில் பெரிதாக எழுதித் தருகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

இத்தாலியிலிருந்து என்ன பதில் வருமோ தெரியாது. நாலு பேர் நின்றோம் என்று வரலாம். இனி நிற்க எங்களில் யாருக்கும் காலில் பலமில்லை என்றும் வரலாம். எதுவானாலும் உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அதில் இருப்பதை இருக்கிறபடியே உங்களுக்கு வாசிப்பேன்.

வாய்க்கு வாய் பேசி, வாசிக்க வேண்டிய இடத்தில் பொய் சொன்ன
உங்கள் மூத்த மருமகள்,
தவமணி