ஒரு ஈட்டுக்கு எத்தனை

ஜூன் 3, செவ்வாய்

லேத்தை ஒருமுறை தயார் செய்துவிட்டால் ஒரே ஈடாக எத்தனை புஷ் வளையம் கடைவது? எங்கள் பட்டறையில் அம்மா இதுவரை என்னிடம்தான் கேட்பாள். இன்று எத்தியேனிடம் கேட்டாள். கல்லூரியிலிருந்து கோடைக்குப் பயிற்சிக்கு வந்தவன். வந்து ஒரு வாரம்.

"தம்பி, ஒரு ஈட்டுக்கு எத்தனைன்னு நீயே கணக்குப் போடுப்பா."

அவன் தம்பி. பெற்ற மகள் நான் 'ஏய்'. அவனுக்கு ஈடு யாருமில்லை, அதனால் ஈட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

ஜூன் 4

கடிகாரத்தோடு வந்து நின்றான். லேத்தைத் தயார் செய்ய, அதாவது செட்டிங் போட, நேரம் அதிகமானால் ஒரே ஈட்டில் நிறையக் கடைய வேண்டுமாம். குறைந்தால் கொஞ்சம் போதுமாம். பிறந்ததிலிருந்து இந்த எண்ணெய் நாற்றத்தில் கிடக்கிறவளுக்குப் பாடம்.

சரிதான் என்று ஆமையானேன். டூலை மாட்டினேன், கழற்றினேன், துடைத்தேன். தாலாட்டுதான் பாடவில்லை. ஒன்றரை மணி நேரம்.

"எப்பவும் இவ்வளவு ஆகுமா?"

"அவசரப்பட்டா டூல் கோவிச்சுக்கும்."

அப்படியே எழுதிக்கொண்டான்.

ஜூன் 6

கணக்கில் அறுநூறு வந்ததாம். அம்மா தலையாட்டினாள். மதிய பீட்சாவில் பெரிய துண்டு அவனுக்கு. எனக்குக் காளான் உதிர்ந்த ஓரம்.

ஜூன் 18

எங்களிடம் வாங்கும் டெட்ராய்ட்காரர்கள் புஷ்ஷின் துளையைச் சின்னதாக்கிவிட்டார்கள். பெரிதாக்கியிருந்தாலாவது மறுபடி கடையலாம். கடைந்த அறுநூறில் விற்றது எழுபது, மீதியெல்லாம் பழைய இரும்பு.

"கணக்குன்னா இதுதானாப்பா? வெள்ளிக்கிழமையோட போதும், கிளம்பு" என்றாள் அம்மா. அவன் காது சிவந்தது.

எனக்கு இனித்தது. இனித்ததுதான். சும்மா எழுதவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அவனுக்குக் கடைசி நாள். புது அளவுக்கு அவனே செட்டிங் போட்டான், நாற்பது நிமிடத்தில். அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

"பரவாயில்லையே, எங்க மீர்த்தாவ விட வேகமா இருக்கியே."

என்ன விடவா? இவனா? கழட்டிப் போடு, நான் காட்டுறேன் என்று பாய்ந்தேன். பதினெட்டு நிமிடம். நிமிர்ந்து பார்த்தேன் — கைதட்டலைக் காணோம். அம்மா அவன் கணக்குத் தாளைப் பார்த்தாள். பிறகு என்னை.

"அன்னைக்கு மட்டும் ஒன்னரை மணி நேரம் எப்படிடி ஆச்சு?"

டூலை மறுபடி துடைக்க ஆரம்பித்தேன்.

ஜூன் 23

எத்தியேனை அம்மா போகவிடவில்லை. புதுக் கணக்கு: ஒரு ஈட்டுக்கு நூற்றிருபது. வீணான புஷ்களைப் பழைய இரும்பு வண்டியில் ஏற்றுவது என் தலையில். அவனும் வந்து குனிந்தான்.

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"கணக்கு என்னோடதுதானே."

ஒரு நடைக்கு நான் பத்து தூக்கினேன். அவன் பன்னிரண்டு.

அடுத்த நடைக்கு நான் பதிமூன்று.